வீட்டுக்காரருக்கா?

இருவர் அவள் கணவனின் கைகளை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்திருந்தார்கள். வலிக்காத பிடி. ஆனால் விடாத பிடி.

அவள் வாசற்படியில் நின்றிருந்தாள்.

“டவுன் வரைக்கும் போய் ஒரு செக்கப் பண்ணிட்டு வந்துடலாம், சற்குணம் சார்,” என்றார் மூத்தவர். சட்டையில் முனிரத்தினம் என்று பெயர் குத்தியிருந்தது. அவருக்குப் பின்னால் நின்ற வண்டியின் பக்கவாட்டில் குடிநோயாளர் மறுவாழ்வு மையத்தின் பெயர்.

கணவன் அதைப் படித்தான். பிறகு சிரித்தான்.

“குடியா? நானா? எனக்கு டிகாக்‌ஷன் தூக்கலா இருந்தாலே தல சுத்தும்பா. வீடு மாறி வந்துட்டீங்க.”

“எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க. போன வாரம் ஒருத்தர், துளசித் தண்ணிதான் குடிப்பேன்னாரு.”

எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டர் துடைப்பதை நிறுத்தினார்.

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடியும் சுற்றினாள்.

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான்.

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு பூனாவில் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தாள். அங்கே ஒரு மருத்துவர், பெண்களுக்குத் தனிப் பிரிவு உள்ள மருத்துவமனை ஒன்றின் பெயரை எழுதிக் கொடுத்தார். உடைந்த இந்தியில் காய்கறி வாங்கலாம். இதைச் சொல்ல முடியாது. கணவனுக்கு வேலூருக்கு மாற்றல் வரட்டும். சொந்த மாநிலத்தில், சொந்தச் சொற்களில் சொல்லி அழுதுவிட்டு எங்காவது போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

மாற்றல் வந்தது. வந்து மூன்று மாதம்.

கல்லீரல் காத்திருக்கவில்லை. இன்னும் ஓராண்டு இப்படியே போனால் தான் செய்வதற்கு எதுவும் இராது என்று இங்குள்ள மருத்துவரும் சொல்லிவிட்டார்.

மூன்று மையங்களுக்குத் தொலைபேசினாள். மூன்றிலும் எடுத்தவுடன் ஒரே கேள்வி.

வீட்டுக்காரருக்காம்மா?

முதல் இரண்டு முறை இணைப்பைத் துண்டித்தாள்.

மூன்றாவது முறை, ஆமாம் என்றாள்.

அதன்பின் எல்லாம் வியப்பூட்டும் அளவுக்கு எளிதாயிருந்தது. அவர்கள் கேட்கக் கேட்கச் சொன்னாள். ஆளைத் தவிர எதிலும் பொய்யில்லை. அவர் எப்போது வீட்டில் இருப்பார் என்றார்கள். ஞாயிறு என்றாள். சனிக்கிழமைக்குள் கணவனிடம் சொல்லிவிடுவதாக இருந்தாள்.

சனிக்கிழமை நான்கு முறை சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தாள். நான்கு முறையும் காபி வேண்டுமா என்று கேட்டுத் திரும்பினாள்.

இப்போது முனிரத்தினம் ஒரு தாளை விரித்து, கணவனுக்கு நம்பிக்கை வரட்டும் என்பதுபோல் நிதானமாகப் படித்தார்.

“ஆறு வருஷம். பூனாவுல ஆரம்பிச்சது. காலைல ஒன்பது மணிக்கு, வீட்டுல யாரும் இல்லாதப்போ. எவர்சில்வர் டம்ளர்ல. மூணு தடவ தானா விட்டுப் பாத்திருக்கு. மூணாம் நாள் கை நடுக்கம்.”

சிரிப்பு கணவனின் முகத்தில் சற்று நேரம் தங்கியிருந்தது. பிறகு அதற்கு அங்கே வேலை இல்லாமல் போனது.

“ஒன்பது மணிக்கு நான் ஆபீஸ்ல இருப்பேனே,” என்றான். யாரிடமும் அல்ல.

அவன் திரும்பவில்லை. கழுத்து மட்டும் விறைத்தது.

முனிரத்தினம் தாளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பிடியைத் தளர்த்தினார். எங்கோ தவறு நடந்திருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்றார். இளையவரிடம் கிளம்பலாம் என்று சைகை காட்டினார்.

ஓட்டுநர் முடுக்க, வண்டி உறுமியது.

அது தெருமுனையைத் தாண்டிவிட்டால் நான்காவது எண்ணைத் தான் அழைக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

“எனக்குத்தான்.”

நினைத்ததைவிட உரக்க வந்தது. எதிர்வீட்டுக்காரர் துணியைக் கீழே போட்டார்.

முனிரத்தினம் பிடரியைத் தேய்த்தார். தங்களிடம் ஆண்கள் மட்டும்தான் என்றார். ஒரு மணி நேரத் தொலைவில் பெண்களுக்கு ஓர் இடம் இருக்கிறது, அங்கே தெரிந்தவர்கள் உண்டு, கொண்டுபோய் விடுகிறேன் என்றார். பிறகு தயங்கினார்.

“வீட்டாளு ஒருத்தர் கூட வந்தாத்தாம்மா சேத்துக்குவாங்க.”

கணவன் உள்ளே போய்விட்டிருந்தான்.

உள்ளே ஒரு பீரோக் கதவு திறந்தது. மூடியது. பிறகு ஓசை இல்லை.

அவள் வண்டியில் ஏறினாள்.

“முன்னாடி உக்காரும்மா. நடுவுல பேஷண்ட்டுதான் உக்காருவாங்க. ரெண்டு பக்கமும் நாங்க. இல்லன்னா வழியில கதவத் தொறந்துக்குவாங்க,” என்றார் முனிரத்தினம்.

அவள் பின்னிருக்கையின் நடுவில் உட்கார்ந்தாள்.

இரண்டு பக்கமும் கதவுகள் திறந்திருந்தன. வெயில் இரு பக்கமிருந்தும் காலில் விழுந்தது. இடப்பக்கம் இறங்கினால் வீடு. வலப்பக்கம் இறங்கினால் தெரு.

ஐந்து நிமிடம். பத்து நிமிடமாகவும் இருக்கலாம்.

வீட்டைப் பூட்டும் ஓசை கேட்டது. பூட்டை இருமுறை இழுத்துப் பார்க்கும் ஓசை.

கணவன் இடப்பக்கமாக ஏறி உட்கார்ந்தான். மடியில் அவளுடைய துணிகள் அடைத்த பை. அவளைப் பார்க்கவில்லை. தன் பக்கத்துக் கதவைச் சாத்தினான்.

முனிரத்தினம் வலப்பக்கம் வந்து நின்றார். உட்காரக் குனிந்தவர், என்ன நினைத்தாரோ, போய் இளையவரோடு முன்னால் ஏறிக்கொண்டார்.

வலப்பக்கத்துக் கதவைச் சாத்த யாரும் வரவில்லை.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

அதைச் சாத்த அவள் இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள்.

கைப்பிடி இன்னும் ஒரு சாண் தள்ளியிருந்தது.