பெட்டியில் விழுந்த ஒரே புகார்

"அந்தப் புகாரை மட்டும் ஃபைல்ல இருந்து எடுத்துடுங்க மேடம். நமக்கெதுக்கு வம்பு?"

முதல்வர் குப்புராஜ் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். இன்னும் அரை மணியில் தர மதிப்பீட்டுக் குழு வந்துவிடும். கிரேடு கிடைக்காவிட்டால் பாப்பிரெட்டிப்பட்டியை ஒட்டிய அந்தச் சின்னத் தனியார் கல்லூரியை இழுத்து மூட வேண்டியதுதான்.

"அதை எடுத்துட்டா ஃபைலே காலிங்க சார்," என்றார் குழு வருகைக்கான பொறுப்பாசிரியர் பிரியதர்ஷினி. "அஞ்சு வருஷத்துல புகார் பெட்டியில விழுந்தது இது ஒண்ணுதான். நடவடிக்கையும் எடுத்திருக்கோம். எதுக்குங்க ஒளிக்கணும்?"

"பேர் இல்லாத மொட்டைக் கடுதாசி. யாரு எழுதுனதுன்னு நோண்டுனா என்னன்னு சொல்லுவீங்க?"

இந்த மனுஷன் எதற்குத்தான் பயப்பட மாட்டாரோ என்று பிரியதர்ஷினிக்கு எரிச்சலாக வந்தது. ஃபைலை அப்படியே கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டார்.

குழுத் தலைவர் பெங்களூர்க்காரர். தமிழ் நன்றாகவே பேசினார். கட்டுக்கட்டாக இருந்த ஐந்தாண்டு அறிக்கைகளைச் சலிப்போடு புரட்டிக்கொண்டு வந்தவர், அந்த ஒற்றைத் தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

"சித்தேரி மலை பஸ் ஒன்பதே முக்காலுக்குத்தான் வருகிறது. ஒன்பது மணி வகுப்பில் எங்களுக்குத் தினமும் ஆப்சென்ட். வருகை குறைந்து பரீட்சை எழுத முடியாவிட்டால், படிப்பை விட்டுவிட்டுக் காட்டு வேலைக்குத்தான் போக வேண்டும்."

நிமிர்ந்து, "அப்புறம்?" என்றார்.

"நிர்வாகக் குழு கூடி, பதினஞ்சே நாள்ல காலேஜ் நேரத்தைப் பத்து மணிக்கு மாத்துனாங்க சார்," என்றார் பிரியதர்ஷினி.

"மலையிலேர்ந்து வர்ற பிள்ளைங்க யாரையாவது கூப்பிடுங்க."

மூன்றாம் ஆண்டு படிக்கும் சோபனா வந்து நின்றாள்.

"எங்க வூட்ல காலேஜுக்கு வந்தது நான்தாங்க மொத ஆளு. நேரம் மாத்தலைன்னா மொத வருசமே நின்னிருப்பேன். இப்ப மலையில இருந்து பதினாறு பேர் வர்றோங்க. அந்த லெட்டரை எழுதுன அக்கா யாருன்னு தெரியல. எங்க இருந்தாலும் அவங்க நல்லா இருக்கணும்."

குப்புராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போற இடமெல்லாம் புகார் ஃபைல்ல 'ஏதுமில்லை'ன்னுதான் எழுதி வெச்சிருப்பாங்க," என்றார் தலைவர். "குறையைக் கேட்டுத் திருத்திக்கிட்ட காலேஜை இன்னைக்குத்தான் பார்க்கறேன். கவலைப்படாம இருங்க."

குழுவின் கார் கிளம்பியதும் பிரியதர்ஷினிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு பொண்ணு எழுதுன கடுதாசி நம்ம எல்லாரையும் காப்பாத்திடுச்சு சார். பழைய விடைத்தாளையெல்லாம் எடுத்து, எழுத்தை ஒத்துப் பார்த்து, அவ யாருன்னு கண்டுபிடிக்கப் போறேன். ஆண்டு விழாவுல மேடையேத்தி நன்றி சொல்லணும்."

"தேடாதீங்க மேடம், கிடைக்காது," என்று குப்புராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நேரத்தை மாத்துங்கன்னு நிர்வாகத்துக்கிட்ட ரெண்டு வருசம் கெஞ்சுனேன், ஒருத்தரும் காதுல வாங்கல. பெட்டியில புகார் விழுந்தா பதினஞ்சு நாள்ல முடிவு சொல்லியே ஆகணும்னு நம்ம விதியில இருக்குதில்லைங்களா, அதான் நானே இடது கையால எழுதிப் போட்டுட்டேன்."