தோய்ச்சல் இறங்கிய கத்தி

"இது கத்தியாண்ணா, இல்ல வாழமட்டையா? பாவு நூல அறுக்கச் சொன்னா பட்டு இழைய மென்னு துப்புது!"

நெசவுக்கார அர்ஜுனன் வீசிய கத்தி பட்டறைக் கல்லில் 'டப்'பென்று விழுந்தது. நல்ல கத்தியென்றால் 'கிண்'ணென்று பாடியிருக்க வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் கொல்லன் பஞ்சாட்சரத்தின் கத்தியைப் பார்த்து எவனும் இதுவரை இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வேறு நாளாயிருந்தால் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கே போயிருப்பான். இன்று அவன் உயிர் பட்டறையில் இல்லை. பின்கட்டு அறையில் அவன் மனைவி கமலாட்சி விடிந்ததிலிருந்து பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். உச்சிப்பொழுதாகியும் பிள்ளை இறங்கவில்லை.

துணைக்கென்று ஒரு பெண்பிள்ளை கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன் மூத்த தாரம் ஏலவார்குழலி இதே அறையில், வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனாள். அந்தப் பயத்தில் தெருப் பெண்கள் ஒருத்தியும் படி மிதிக்கவில்லை. மாகறலிலிருந்து கூட்டிவந்த மருத்துவச்சி மட்டுந்தான் உள்ளே. பாவம், இந்த வீட்டுக் கதை அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"முத்திர என்னுதுதான்" என்று கத்தியைத் திருப்பிப் பார்த்தான் பஞ்சாட்சரம். "ஆனா நான் போட்ட தோய்ச்சல் இப்படி வராதேப்பா."

தோய்ச்சல் என்றால், பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி இரும்பைக் கெட்டிப்படுத்துவது. அரத்தை எடுத்து விளிம்பில் ஓர் இழுப்பு இழுத்தான். கெட்டியான கத்தியில் அரம் வழுக்கிக்கொண்டு ஓடும். இதிலோ கொய்யாப்பழத்தைக் கடித்த மாதிரி 'கறுக்'கென்று பதிந்தது.

பிடி மட்டும் புதுசாயிருந்தது. தட்டிக் கழற்றினான். உள்ளேயிருந்த இரும்பு கரிச்செதிலாய் உதிர்ந்தது.

"டேய், இது நெருப்புல கெடந்த கத்தி. அடுப்புல போட்டியா?"

"சத்தியமா இல்லண்ணா."

"என்னாண்ட எப்போ வாங்கினே?"

அர்ஜுனன் குரலைத் தாழ்த்தினான். "வாங்கலண்ணா. வேகவதி மணல்ல கெடந்துது. சுடுகாட்டாண்ட. பிடி மட்டுந்தான் நான் போட்டது."

பஞ்சாட்சரத்துக்கு அந்தக் கத்தி யாரோடு போனது என்று தெரிந்துவிட்டது.

பிள்ளையோடு போனவள் அடங்க மாட்டாள், அடுத்து வாழ வருகிறவளின் பிரசவத்தன்று வந்து நிற்பாள் என்று அன்றைக்கு ஊரே சொல்லிற்று. அடக்க வேண்டுமானால் தோய்ச்சல் போட்ட இரும்பு அவளோடு போக வேண்டுமாம். பாவி மனுஷன், ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவளின் நெஞ்சின்மேல், ஜட்கா வண்டியின் எஃகு வில்லை அடித்துச் செய்த கத்தியை வைத்துக் கொள்ளி போட்டான்.

கெட்டிப்பட்ட இரும்பை நெருப்பில் போட்டால் தோய்ச்சல் இறங்கிப்போகும். துருத்தி ஊதுகிறவனுக்கும் தெரிந்த சங்கதி, துக்கத்திலும் பயத்திலும் அந்தக் கொல்லனுக்குத் தெரியாமல் போயிற்று! அப்படியானால் அவள் ஒரு நாள்கூடக் கட்டுப்பட்டுக் கிடக்கவில்லை. இரண்டு வருஷமாக இந்த வீட்டில்தான் நடமாடிக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே கமலாட்சி வீறிட்டாள். "அப்படித்தாம்மா! தலைய விடாம தாங்கிப் புடி!" என்ற மருத்துவச்சியின் குரலும் கேட்டது. பிள்ளையின் தலை தெரிகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டான் பஞ்சாட்சரம்.

"துருத்திய ஊதுடா அர்ஜுனா! நிலப்படியில இத குறுக்க வெக்கணும். இல்லன்னா அவ உள்ள பூந்துடுவா!"

"யாருண்ணா?"

"ஊதுடான்னா!"

அவசரத்தில் நிறம் ஏறுமுன்னே எடுத்து முக்கிவிட்டான். அரம் மறுபடியும் கடித்தது. "ஐயோ, காமாட்சித் தாயே!" என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்ப உலைக்குள் செருகினான்.

இந்த முறை, உதிக்கிற சூரியனின் நிறம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். எடுத்தான், முக்கினான், தொட்டி 'சுர்'ரென்று சீறியது. அரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஓர் இடத்தில்கூடப் பதியவில்லை.

கத்தியை அப்படியே குறடோடு பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினான். "குழலி, உன் கால்ல விழறேன். உனக்கு நான் செஞ்சது துரோகந்தான். இவள மட்டும் விட்டுடு" என்று வாய்விட்டு அழுதான்.

அவன் நிலைப்படியை எட்டவும் குழந்தை அழவும் சரியாயிருந்தது.

கதவைத் திறந்த மருத்துவச்சி வேர்வையைத் துடைத்தபடி சிரித்தாள். "பொண்ணுபா! ரெண்டு உசிரும் சொகமா இருக்குது. குறுக்க கெடந்த புள்ள, நானே நம்பிக்க இழந்துட்டேன். தலமாட்டுல குந்திக்கினு, உன் பொஞ்சாதிய மடியில தாங்கிக்கினு, வயித்த நீவி நீவித் திருப்புச்சே அந்தம்மா, அதான்பா காப்பாத்துச்சு."

பஞ்சாட்சரம் குறடை இறுகப் பிடித்தான். "எ... எந்தம்மா?"

மருத்துவச்சி அறைக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவனிடம் சொன்னாள்:

"மொதல்ல அந்தக் கத்திய தூரப் போடுப்பா. அதப் பாத்து அந்தம்மா மூலையில ஒடுங்கி அழுவுது."