மண்டபத்துக்கு ஆக்சிஜன்

அந்தப் பெண்ணுக்கு வேலை தெரியாது என்று கூட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே முடிவுகட்டிவிட்டேன்.

"சார், பத்தாம் பக்கத்துல ஒரு சந்தேகம்" என்றாள் கட்டட வேலையைக் கேட்டு வந்திருந்த ரோகினி. "மண்டபத்துல ஆக்சிஜன் குழாய் எங்கெங்க போகுதுன்னு காட்டணும்னு போட்டிருக்கீங்க. எனக்குத்தான் புரியலையோ என்னவோ. மண்டபத்துல ஆக்சிஜன் எதுக்கு சார்?"

கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் செயலவை மொத்தமும் சிரித்தது.

"தாலி கட்டறப்ப மாப்பிள்ளைக்கு மூச்சு முட்டினா வேணும்லா!" என்றார் தலைவர் நல்லசாமி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவசரமாகப் பத்தாம் பக்கத்தைப் புரட்டினேன்.

புக்கிட் பெலண்டோக் பக்கம் எங்கள் பழைய தோட்டக் குடியிருப்பில், கோயிலை ஒட்டி ஒரு மண்டபம், அதோடு சேர்ந்தாற்போல் ஒரு பாலர் பள்ளி. திட்டம் அவ்வளவுதான். சிரம்பானில் 'பிம்' பற்றிய பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பியதிலிருந்து நான்தான் ஆலயச் செயலவைக்குத் தொழில்நுட்ப ஆலோசகர். சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன்.

பிம் என்றால், முதல் கல்லை வைப்பதற்கு முன்பே கட்டடம் முழுவதையும் கணினிக்குள் கட்டிப் பார்ப்பது. அதில் தனக்கு என்னென்ன விவரம் வேண்டும் என்பதைக் கட்டச் சொல்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நானும் எழுதினேன். அதாவது, நண்பர் ஒருவர் அனுப்பிய ஏதோ ஆஸ்பத்திரியின் ஆவணத்தைத் திறந்து, 'ஆஸ்பத்திரி' என்று வந்த இடத்திலெல்லாம் 'மண்டபம்' என்று மாற்றச் சொன்னேன். கணினி சொன்னதைச் செய்தது. ஆக்சிஜனைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அதுவும் தொடவில்லை.

"பாலர் பள்ளிப் பிள்ளைங்களை நெனைச்சுப் போட்டிருப்பீங்க போல" என்று ரோகினியே எடுத்துக் கொடுத்தாள்.

"ஆமாமா, அதுக்குத்தான். ஆனா அவசியமில்ல, அடிச்சிடுங்க" என்றேன் பெரிய மனதோடு.

அவள் விடவில்லை.

"ஒவ்வொரு கதவுக்கும் பூட்டுக்கும் விளக்குக்கும் கம்பெனி பேரு, சீரியல் நம்பர் எல்லாம் ஏத்தணும்னு இருக்கு. மண்டபம் வந்தப்புறம் அதைத் திறந்து பார்க்கப்போறது யாரு சார்?"

நான் நல்லசாமியைப் பார்த்தேன். அவர் பொருளாளர் குமுதவல்லியைப் பார்த்தார்.

"கோயில்ல கம்ப்யூட்டரே இல்லையே" என்றார் குமுதவல்லி.

"அப்போ அதையும் அடிச்சிடுங்க" என்றேன்.

"சரி, உங்களுக்கு நெசமாவே என்ன தெரியணும்? நான் சின்ன வேலைங்க செஞ்சதில்ல, அதான் கேக்கறேன்."

குமுதவல்லி யோசிக்கவே இல்லை. "தண்ணிக் குழாய் உடைஞ்சா எந்த வால்வை அடைக்கிறதுன்னு தெரியணும்மா. பழைய மண்டபத்துல அது தெரியாம தரையையே கொத்திப் போட்டோம்."

"மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு தெரியணும்" என்றார் நல்லசாமி. "நம்ம இடம் பள்ளம்லா."

ஆளுக்கொன்று சொன்னார்கள். ரோகினி எழுதிக்கொண்டாள். என் தடிமனான ஆவணம் நாலைந்து பக்கமாக இளைத்துவிட்டது. அவள் ஒன்றும் தெரியாமல் கேட்கக் கேட்க, நான் பொறுமையாக விளக்கம் சொல்லி ஒவ்வொன்றாக நீக்கிய அழகைப் பார்த்து, நல்லசாமி எனக்கு இன்னொரு குவளை தே தாரே தேநீர் வரவழைத்தார்.

அவளைக் கீழே காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பேசினோம்.

"என்னா சார், யாருக்குக் கொடுக்கலாம்?" என்றார் நல்லசாமி.

"இந்தப் பொண்ணுக்கு அடிப்படையே தெரியலை, தலைவரே. எதை எடுத்தாலும் 'எதுக்கு'ன்னு கேக்குது. காலையில வந்த கம்பெனிக்காரர் ஒரு கேள்வி கேட்டாரா? 'எல்லாம் செய்யலாம் போஸ்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுதான் அனுபவம்."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

தகவலைச் சொல்ல நானே இறங்கிப் போனேன். அவள் காரின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"வேற ஆளுக்குப் போகுது மா. மனசு விட்டுடாதீங்க."

"பரவாயில்ல சார்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். சான்றிதழ் வாங்கியவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஒரு அட்வைஸ் சொல்றேன். இந்த மாதிரிப் பெரிய ஆவணங்களையெல்லாம் படிச்சுப் பழகணும். அப்பத்தான் இந்தத் தொழில்ல நிக்க முடியும்."

ரோகினி லேசாகச் சிரித்தாள்.

"அந்த ஆஸ்பத்திரிக்கு அதை எழுதினதே நான்தான் சார்."

மேலே நடந்த கூட்டத்தில் நான் ஆஸ்பத்திரி என்ற வார்த்தையையே உச்சரிக்கவில்லை.



"மேலயே சொல்லியிருக்கலாமே மா?" என்று கேட்டேன்.

"உங்க ஆளுங்க உங்களை நம்பிக் கூப்பிட்டிருக்காங்க. நாளைக்கும் நீங்கதான் அவங்களோட இருக்கப்போறீங்க. அவங்க எதிர்ல எப்படி சார் சொல்றது?" என்றார் ரோகினி. இதற்குமேல் 'என்றாள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. "தேவையில்லாததெல்லாம் போயிடுச்சில்ல, அது போதும். யாரு கட்டினாலும் அந்த வால்வு இருக்கிற இடத்தை மட்டும் கேட்டு வாங்கிடுங்க."

காரைத் திறந்தார்.

"கொஞ்சம் இருங்க மா. போயிடாதீங்க."

மேலே ஓடினேன். நல்லசாமி அந்த இன்னொரு கம்பெனிக்குப் போன் போட எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

"போன் போடாதீங்க தலைவரே. வேலையை ரோகினிக்கே கொடுங்க."

"என்னா சார் இது? இப்பத்தான் அடிப்படையே தெரியலைன்னீங்க!"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தே தாரே ஆறிப்போயிருந்தது.

"அடிப்படை தெரியாதது எனக்குத்தான், தலைவரே" என்றேன். "உட்காருங்க, சொல்றேன்."