கண்ணாடி மூடி

மாடியில் கால் வைத்ததுமே சாம்ராஜ் பார்த்துவிட்டான். பெட்டி மூடியிருந்தது.

விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது, மூடிக்குக் கட்டையை முட்டுக் கொடுத்துத் திறந்துவைத்துவிட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறினான்.

ஒரு வாரம் விடாமல் பெய்த மழை அன்றைக்கென்று பார்த்து ஓய்ந்திருந்தது. கார்த்திகை வெயில் சுள்ளென்று அடித்தது.

மூடியைத் தூக்கினான். வெந்நீர் அண்டாவைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே ஆறு கஞ்சாச் செடியும் வேகவைத்த கீரையாகச் சரிந்து கிடந்தன.

பெட்டி அவன் கையால் செய்தது. வெளிநாட்டு மெஷின் வந்த மரப்பெட்டியின் பலகைகள் நாலு பக்கமும். மேலே, காரின் கண்ணாடி ஒன்று. ஒரகடத்தில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில், குமிழ் விழுந்திருக்கிறதென்று அவனே கழித்துப் போட்டது. காயலான் கடைக்குப் போனதைத் தேடிப்பிடித்துத் தூக்கி வந்தான்.

யூடியூபில் ஒரு வெள்ளைக்காரன் பனிக்கு நடுவே இப்படிக் கண்ணாடி போட்டுத்தான் வளர்த்தான். சேரப்பணஞ்சேரியில் பனிக்கு எங்கே போவது? இங்கே மழையில் பூ அழுகக் கூடாது, வாசனை தெருவுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் வெயில் வந்தால் திறந்துவிட வேண்டும். மறந்தால் அரை நாளில் மொத்தமும் வெந்துவிடும்.

இதையெல்லாம் தினமும் மனைவி செல்வமேரிக்குக் கதை கதையாகச் சொல்வான். கட்டிலோடு கிடப்பவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?

செடி அவளுக்காகத்தான்.

புற்று அவள் எலும்புக்குப் பரவிவிட்டது. எழுந்து நிற்க முடியாது. பாத்ரூமுக்கும் தூக்கித்தான் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் வலிக்கென்று எழுதிக் கொடுத்த மாத்திரை, போகும்போதெல்லாம் ஸ்டாக் இல்லை. இல்லையென்று சொல்வதற்கு மட்டும் அங்கே ஆட்கள் தாராளமாக ஸ்டாக் இருந்தார்கள்.

வலி வந்தால் அவள் கத்துவதில்லை. இருப்பது ஒரே அறை. மகள் ஷாரோனுக்கு இது பத்தாம் வகுப்பு. படிக்கிற பிள்ளைக்குக் கேட்கக் கூடாதென்று, தலையணைக்கு அடியில் வைத்திருக்கும் துண்டை எடுத்து வாயில் திணித்துக் கடித்துக்கொள்வாள். பார்க்கச் சகிக்காது. பூ மட்டும் வரட்டும், கிறிஸ்துமஸுக்குள் உன்னை நிம்மதியாகத் தூங்க வைக்கிறேன் என்று அவன் சொல்லியிருந்தான்.

போன வாரம் இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறையில் இருந்த ஒருத்தனை, தொட்டியில் செடி வளர்த்தானென்று போலீஸ் தூக்கியது. செல்போனில் வந்த செய்தியைச் செல்வமேரி திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"இதுக்கு எத்தினி வருசம்யா போடுவாங்க?"

"பத்து வருசம் வரைக்கும் போடுவாங்களாம். நம்மள எவன் வந்து பாக்கப் போறான், சும்மா கெட."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

காற்றில் மூடி விழுந்திருக்குமோ என்று பார்த்தான். இல்லை. முட்டுக்கட்டை சுவரோரமாக ஒழுங்காகச் சாத்தப்பட்டிருந்தது. கண்ணாடி பொருந்தாத மூலையில், ஆவி வெளியே போய்விடக் கூடாதென்று யாரோ துணி வேறு அடைத்திருந்தார்கள். அதைப் பிடுங்கி, என்னவென்றுகூடப் பார்க்காமல் வீசி எறிந்தான்.

கீழே வீட்டுக்காரம்மா கிளியம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளிடம் ஏதோ மூலிகை என்று சொல்லிவைத்திருந்தான். இப்போது யோசிக்கத் தோன்றவில்லை. பெரியவள் என்ற மரியாதைகூட இல்லாமல் மேலேயிருந்து கத்தினான்.

"மூடுனது எவ?"

"நான் இன்னாத்துக்குப்பா மேல வரப்போறேன்? படி பூரா பாசி. புடிச்சிக்க ஒரு கம்பி கெடையாது. பைத்தியம்கூட அதுல ஏறாது."

சாம்ராஜ் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு, செல்வமேரியிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தான். அந்தச் செடியை நம்பித்தான் அவள் உயிரைப் பிடித்துவைத்திருக்கிறாள். சொன்னால் இன்றைக்கே விட்டுவிடுவாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி இறங்கினான். அப்படியும் ஒரு படியில் கால் வழுக்கியது.

செல்வமேரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தாள்.

"செடி எப்டியா கீது?"

"ஜோரா கீது. மொட்டு வுட்டுக்கீது."

அவள் திரும்பி அவன் முகத்தையே பார்த்தாள்.

அப்போதுதான் வலி வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கை தலையணைக்கு அடியில் துழாவியது. துழாவிய கை, ஏதோ நினைவு வந்த மாதிரி சட்டென்று நின்றுவிட்டது. அங்கே துண்டு இல்லை.

சாம்ராஜுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அவளைத் தூக்கித் தன் மார்பில் சாய்த்துக்கொண்டான். முதுகைத் தடவி இடுப்புக்கு இறங்கிய கையில் ஈரம் பிசுபிசுத்தது.

நைட்டியின் பின்பக்கம், இடுப்பிலிருந்து கீழே, பச்சைப் பாசி அப்பியிருந்தது. உட்கார்ந்தபடியே, பின்புறமாக, ஒவ்வொரு படியாகத் தேய்த்துத் தேய்த்து ஏறியிருக்கிறாள். அப்படியே இறங்கியும் இருக்கிறாள். உள்ளங்கைகள் இரண்டும் தோலுரிந்திருந்தன.

அடிப்பாவி என்று வாய்வரை வந்தது. அவனுக்கு அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு கதற வேண்டும் போலவும் இருந்தது.

வாசலில் ஷாரோன் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது. செல்வமேரி பல்லைக் கடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். உதடு பிரியத் தொடங்கியது.

சாம்ராஜ் சட்டைக் கையை மேலே சுருட்டி, தன் முன்கையை அவள் வாயில் கொடுத்தான்.