மிச்சமிருந்த இரண்டு கிலோமீட்டர்

மலைக்காட்டுச் சாலையில் தினமும் ஓடும் ஒரு காருக்குள் பெட்ரோல் எஞ்சினும் பேட்டரியும் சேர்ந்து வேலை செய்தன. புதிதில் ஒரு சார்ஜுக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பேட்டரி, ஏழாவது வருஷம் முப்பதிலேயே களைத்துப்போனது.

"நீ பேசாம படுத்துக்க தம்பி, நான் பார்த்துக்கறேன்" என்று எஞ்சின் அடிக்கடி சொல்லும்.

ஒரு மழைக்காலக் காலையில், பேட்டரியில் இரண்டு கிலோமீட்டருக்கே சார்ஜ் மிச்சமிருந்தது. வளைவு திரும்பியதும் சாலை நிறைய யானைகள் நின்றன. நடுவில், பிறந்து சில நாளே ஆன குட்டி. காரை ஓட்டிவந்த டாக்டர் செண்பகவல்லி பிரேக்கை மிதித்து, ரிவர்ஸ் கியர் போட்டார். எஞ்சின் உறுமத் தயாரானது.

"சத்தம் போடாதீங்கண்ணே! குட்டி மிரண்டா தாய் சும்மா விடாது. நான் நகர்த்தறேன்" என்றது பேட்டரி.

"உன்கிட்ட என்ன இருக்கு?"

"இதுக்கு இருக்கு."

கார் ஓசையே இல்லாமல் பின்னால் ஊர்ந்து, ஓரமாக ஒதுங்கி நின்றது. யானைகள் அதை உரசுவதுபோல் கடந்தன.

"பயப்படாம வா கண்ணு, இது சாது" என்று தாய் தன் குட்டியிடம் சொன்னது.

எஞ்சின் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதுகொடுத்துக் கேட்டது. ஈரச் சருகில் பாதங்கள் பதிந்தன. குட்டி மெல்லப் பிளிறியது. எங்கோ ஓர் அருவி விழுந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் இதே வழியில் ஓடியும், காட்டில் இவ்வளவு சத்தம் இருக்கிறதென்று அதற்கு அன்றுதான் தெரிந்தது.