வேயப்பட்டதாகக் கருதப்படும் ஓலை

செவலைக் கோழி காட்டு அவையில் எழுந்து நின்றது. "கூடு ஒழுகுதுங்க. குஞ்செல்லாம் நனையுது. கூரைக்கு ஓலை வேணும்."

அவைத் தலைவர் காக்கை தொண்டையைச் செருமியது. "ஓலை வேயப்பட்டதாகக் கருதப்படுகிறது. அடுத்த கோரிக்கை!"

கோழி பக்கத்திலிருந்த வாத்திடம், "அக்கா, அப்படின்னா என்ன?" என்று கேட்டது.

"வேய மாட்டாங்கன்னு அர்த்தம்டி. அதை மரியாதையா சொல்றாங்க."

அன்று பெய்த மழைக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியவில்லை. குஞ்சுகளை இறக்கைக்குள் அடக்கிக்கொண்டு கோழி தொப்பலாக நனைந்தது.

காலையில், தலைவருக்கென்று அவை ஒதுக்கியிருந்த முட்டையை வாங்கக் காக்கை வந்தது. கூட்டில் ஈர வைக்கோல்தான் கிடந்தது.

"முட்டை எங்கேம்மா?"

"கொடுக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது, தலைவரே. நீங்க சாப்பிட்டு முடிச்சதாகவும்."

மத்தியானத்துக்குள் கூரைக்கு ஓலை ஏறியது. கோழி அதைக் கொத்திப் பார்த்துவிட்டுத்தான் முட்டையிட உட்கார்ந்தது.