இருமல் மிட்டாய்

"அண்ணே, ஆணுறை ரெண்டு பெட்டி குடுங்க!"

மருந்துக்கடை வாசலில் நின்ற ஏழு பேரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள்.

கேட்டவர் அடுத்த தெருத் தையற்காரம்மா. வயது ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

கடைக்காரருக்குக் காது மடல்கள் சூடேறின. இருபது வருடமாகக் கடை நடத்துகிறார். இப்படி ஒருவரைக் கண்டதில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை வந்துவிட்டால் போதும், இந்த அம்மாள் இதே கூத்தை நடத்துவார். அதுவும் கூட்டம் நெரியும் மாலை வேளையாகப் பார்த்து!

இருமல் மிட்டாய் ஜாடிக்குப் பின்னால் குனிந்து, மேசையடியிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்தார். அவசர அவசரமாகச் செய்தித்தாளில் சுற்றினார்.

"எதுக்கு அண்ணே சுத்துறீங்க? நான் என்ன திருடிக்கிட்டா போறேன்?"

அந்த அம்மாள் தாளைப் பிரித்து, பெட்டிகளை மேசைமேல் எல்லோரும் பார்க்க வைத்துக்கொண்டார்.

"காலம் ரொம்பக் கெட்டுப்போச்சு" என்று முணுமுணுத்தார், வரிசையில் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்.

"காலம் நல்லாத்தான் இருக்கு சார். உங்க பேன்ட்தான் இடுப்புல நிக்கமாட்டேங்குது. நாளைக்குக் கொண்டாங்க, பிடிச்சுத் தர்றேன்."

கூட்டம் சிரித்தது. ஆசிரியர்கூடச் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பினூடே, அரைமணி நேரமாகத் தூணோரம் நின்று எல்லோரையும் முன்னே அனுப்பிக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவர் மெல்ல மேசையருகே வந்தார்.

"எனக்கும்... அதுல ஒண்ணு."

வாங்கிக்கொண்டு அவர் நிமிர்ந்து நடந்து போனார். தையற்காரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிறைவு.

கூட்டம் கலைந்ததும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, தப்பா நினைக்காதீங்க. குடும்பத்தோட வர்ற கடை இது. ஆள் இல்லாத நேரமாப் பார்த்து வந்து வாங்கக் கூடாதா?"

"ஆள் இல்லாதப்போ கேட்டா, யார் காதுல அண்ணே விழும்?"

"யார் காதுல விழணும்?"

"தூணோரம் நின்னாரே, அவர் காதுல."

கடைக்காரர் விழித்தார்.

"என் தம்பி லாரி ஓட்டுறான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால, இதை வாங்க ஒரு கடைக்கு மூணு தடவை போயிருக்கான். சுத்திலும் ஆளுங்க. கடைக்காரர் வேற ஒரு மாதிரியாப் பார்த்திருக்கார். மூணு தடவையும் இருமல் மிட்டாயை வாங்கிக்கிட்டுத் திரும்பிட்டான். நாலாவது தடவை போகவே இல்லை. அப்புறம் ரத்தத்தைச் சோதிச்சுப் பார்த்தா, எச்.ஐ.வி."

"அடடா! இப்போ எப்படி இருக்கார்?"

"மாத்திரையை ஒரு நாள்கூட விடறதில்லை. நல்லா இருக்கான், நாலு ஆள் வேலை பார்க்கிறான். ஒரே தட்டுல சாப்பிட்டுக்கிட்டே எங்கூடச் சண்டையும் போடுறான். தொட்டா வராது அண்ணே அது. கூடச் சாப்பிட்டா வராது. என் தம்பிக்கு வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டதால வந்தது."

"அப்போ இந்தப் பெட்டிங்க...?"

"லாரி ஷெட் ஓய்வறையில எல்லாருக்கும் கையெட்டுற மாதிரி அவனே வெச்சிடுவான். அங்க யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை."

நோயைவிட வேகமாகப் பரவக்கூடியது கூச்சம் என்பது கடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

"எவன்மா அந்தக் கடைக்காரன்? ஒரு பார்வையால ஒருத்தர் வாழ்க்கையையே... மனுஷனா அவன்?"

தையற்காரம்மா பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு, மேசைமேல் கிடந்த செய்தித்தாளை நிதானமாக நாலாக மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணே, நல்ல மனுஷர்தான். என்ன, இதை யார் கேட்டாலும் தாள்ல சுத்தித்தான் குடுப்பார்."